கையில் அறுபதாயிரம், வாசலில் ஹிமாலயன்: மண்ணில் இறங்கும் முன் எதில் செலவழிப்பது?

"ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 பைக் எடுத்தாச்சு, ஆஃப்-ரோடு போகணும், அடுத்து என்ன மாட்டலாம்?" என்று கேட்பவர்களிடம் பெரும்பாலும் ஒரு பட்டியல் தயாராக இருக்கும்: பெரிய கிராஷ் கார்டு, மஞ்சள் ஃபாக் லைட், பின்னால் அலுமினியப் பெட்டி. மூன்றும் நெடுஞ்சாலைச் சாமான்கள். மண்ணில் முதல் இரண்டால் பெரிய உதவி இல்லை. மூன்றாவது உபத்திரவம். கால் ஊன்றும்போது கெண்டைக்காலைப் பெட்டிக்கும் தரைக்கும் நடுவே மாட்டிவைப்பது அதுதான்.

இந்த ஒப்பீட்டுக்கு ஒரு ஆளையும் ஒரு வண்டியையும் முடிவு செய்துகொள்வோம். தார் ரோட்டில் நல்ல பழக்கம் உள்ளவர், மண்ணுக்குப் புதியவர். ஐஎஸ்ஐ ஹெல்மெட், பேட் வைத்த ஜாக்கெட், கையுறை ஏற்கெனவே இருக்கின்றன. வண்டி ஹிமாலயன் 450: 196 கிலோ, 452 சிசி, முன்னும் பின்னும் 200 மி.மீ. சஸ்பென்ஷன், 230 மி.மீ. தரை இடைவெளி, முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 17. ஓட்டப்போவது செம்மண் வண்டிப்பாதை, சரளை, வற்றிய கண்மாய், சுமாரான கல் மேடு. கையில் 60,000 ரூபாய். வண்டி கேடிஎம் 390 அட்வென்ச்சராகவோ யெஸ்டி அட்வென்ச்சராகவோ இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

போட்டியில் இருப்பவை ஐந்து: உடம்புக்கான கவசம், பயிற்சி, டயர், வண்டிக்கான காப்பு, சஸ்பென்ஷன் மாற்றம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, விழுந்தால் காயம் குறையுமா? புதியவர் விழுவார், அதில் சந்தேகமே வேண்டாம். பெரும்பாலும் நடக்கும் வேகத்தில், வண்டி திரும்பும்போதோ மேட்டில் நின்றுபோகும்போதோ விழுவார். அதனால் இந்தக் கேள்விக்கு மற்ற மூன்றையும்விட எடை அதிகம்.

இரண்டாவது, வண்டி தன் சக்கரத்திலேயே வீடு திரும்புமா? மூன்றாவது, அந்தச் செலவு ஓட்டத்தைத் திருத்துமா, அல்லது பிழையை மறைக்க மட்டும் உதவுமா? நான்காவது பலரும் மறப்பது: தார் ரோட்டில் அதற்கு என்ன விலை? நம் ஊரில் 10 கிலோமீட்டர் மண்ணைத் தொட 100 கிலோமீட்டர் தார் ஓட்ட வேண்டியிருக்கிறது. மண்ணுக்கு மட்டும் நல்லதாக இருக்கும் ஒரு பொருள் அந்த 100 கிலோமீட்டரில் ஆபத்தாக மாறக்கூடும்.

## பர்ஸைத் திறப்பதற்கு முன்

கையில் ஸ்பானர் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இதைச் செய்யாமல் எதை வாங்கினாலும் பாதிப் பலன்தான்.

லீவர்கள். கிளட்ச், பிரேக் லீவர்கள் உட்கார்ந்து ஓட்டுவதற்கு ஏற்றபடி அமைந்திருக்கும். மண்ணில் பாதி நேரம் நின்றுதான் ஓட்டுவீர்கள். ஃபுட்பெக்கில் நின்று, முழங்கையை வெளியே விரித்து, விரலை நீட்டுங்கள். மணிக்கட்டு மடங்காமல் லீவர் விரலுக்கு வரும்வரை கிளாம்பைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். கிளாம்பை முழு இறுக்கம் இறுக்க வேண்டாம். கையால் பலமாகத் தள்ளினால் சுழல வேண்டும். விழும்போது லீவர் ஒடியாமல் திரும்பிக்கொள்வது அப்போதுதான்.

ஃபுட்பெக். மேலே ரப்பர் இருந்தால் கழற்றிவிடுங்கள். சேறு பட்ட பூட்ஸ் ரப்பரில் வழுக்கும், இரும்புப் பல்லில் நிற்கும்.

ஏபிஎஸ். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு இது. ஹிமாலயனில் பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கலாம். சரளை இறக்கத்தில் அது அணைந்திருப்பது நல்லது, இல்லையென்றால் பின் பிரேக் விட்டுவிட்டுப் பிடித்து வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். முன் ஏபிஎஸ் இருக்கட்டும். வண்டியை அணைத்து மறுபடி எடுக்கும்போதெல்லாம் டிஸ்பிளேயைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சேக். ஓட்டுபவரின் எடையில் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்ற அளவு இது. பின் சக்கரம் தரையைத் தொடாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஆக்ஸில் நடுவிலிருந்து நேர் மேலே ஏதாவது ஒரு போல்ட் வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழு உடுப்போடும் தண்ணீர்ப் பையோடும் ஏறி உட்காருங்கள். இன்னொருவர் அதே இரண்டு புள்ளிகளை மறுபடி அளக்கட்டும். வித்தியாசம் 60 மி.மீ. அளவில் இருந்தால் சரி. 70-ஐத் தாண்டினால் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை, ஏற்றுங்கள். ஏற்றி முடித்ததும் வண்டியை ஆளில்லாமல் தரையில் நிறுத்தி ஒருமுறை அளந்து பாருங்கள். தன் எடையிலேயே 10 மி.மீ.யாவது அமுங்க வேண்டும். அமுங்கவே இல்லையென்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மென்மை. சஸ்பென்ஷனுக்குச் செலவழிப்பதா வேண்டாமா என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கடையில் கிடைக்காது.

காற்று. இதுதான் இருப்பதிலேயே பெரிய மாற்றம், இலவசமும்கூட. தார் ரோட்டு அளவிலேயே மண்ணில் இறங்கினால் டயர் கல்லின் மேல் துள்ளும். ட்யூப் போட்ட வண்டியில் சரளைக்கும் செம்மண்ணுக்கும் 22 முதல் 25 பிஎஸ்ஐ. கல் நிறைந்த பாதை என்றால் 25-க்குக் கீழே வேண்டாம். தேரிக்காட்டு மணல் போல ஆழமாக இருந்தால் 16 முதல் 18 வரை, அதுவும் மெதுவாக. மணல் முடிந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு மேல் இறக்கினால் இரண்டு தொல்லை. கல்லில் இடிக்கும்போது ரிம்மின் இரு விளிம்பும் ட்யூப்பைக் கவ்வி அருகருகே இரண்டு ஓட்டை போடும். டயர் ரிம்மில் நழுவி ட்யூப்பையும் இழுத்துக்கொண்டு போய் வால்வை அறுக்கும். வால்வின் அடி நட்டை ரிம்மோடு இறுக்காமல் மூடிப் பக்கம் மேலே ஏற்றி வையுங்கள். வால்வு சாய்ந்திருந்தால் ட்யூப் நழுவத் தொடங்கிவிட்டது என்று கண்ணிலேயே தெரியும்.

## உடம்புக்கான கவசம்

முதல் கேள்விக்கு நேரடியான பதில் இது ஒன்றுதான். ஜாக்கெட் இருக்கிறது என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். மண்ணில் முதலில் மாட்டுவது கால். 196 கிலோ வண்டி சாயும்போது கணுக்கால் அதற்கும் கல்லுக்கும் நடுவே போகிறது. டிரெக்கிங் ஷூ, கணுக்கால் வரை வரும் ரைடிங் ஷூ இரண்டும் அந்த எடையைத் தாங்காது. முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை வரும், பக்கவாட்டில் முறுக்க முடியாத, பக்கிள் வைத்த பூட்ஸ்தான் வேண்டும். கடையில் ஒரு சோதனை: பூட்ஸின் குதிகாலை ஒரு கையிலும் மேல்பகுதியை மறு கையிலும் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். எளிதாக முறுகினால் வைத்துவிட்டு வாருங்கள்.

மோட்டோகிராஸ் பூட்ஸா, அட்வென்ச்சர் பூட்ஸா? மோட்டோகிராஸ் பூட்ஸ் காலை நன்றாகக் காக்கும், அதே விலைக்கு அதிகப் பாதுகாப்பு தரும். ஆனால் நடக்கச் சிரமம், தண்ணீர் புகும். அட்வென்ச்சர் பூட்ஸில் நாள் முழுக்க இருக்கலாம், காப்பு ஒரு படி குறைவு. காலையில் போய் மாலைக்குள் திரும்புபவருக்கு முதலாவது, வாரக்கணக்கில் பயணம் போகிறவருக்கு இரண்டாவது.

முழங்காலுக்குக் கடினமான ஓடும் கீலும் வைத்த கார்டு, பேன்ட்டுக்கு உள்ளே. லேபிளில் இஎன் 1621-1 என்ற தர எண்ணையும் லெவலையும் பாருங்கள். சோதனையில் அடியின் விசை லெவல் 1-இல் சராசரி 35 கிலோநியூட்டனுக்குள்ளும், லெவல் 2-இல் 20-க்குள்ளும் உள்ளே கடக்கலாம். லெவல் எண் கூடினால் காப்பு கூடும். தர எண்ணே இல்லாத நுரைப் பேட் வெறும் மெத்தை.

மறைந்திருக்கும் செலவுகள்: தடித்த பூட்ஸ் கியர் லீவருக்கு அடியில் நுழையாது, லீவரை ஒரு பல் மேலே ஏற்றிப் பூட்ட வேண்டும். பின் பிரேக்கை உணர்வதற்குக் காலுக்குச் சில மணி நேரம் பிடிக்கும். அப்புறம் வெயில். சித்திரை வெயிலில் முழு உடுப்போடு இரண்டு மணி நேரம் போராடினால் தலை சுற்றும், கவனம் போகும், அதனாலேயே விழுவார்கள். முதுகில் 2 லிட்டர் தண்ணீர்ப் பை, கூடவே ஒரு லிட்டருக்கு ஒன்று வீதம் கலக்க ஓஆர்எஸ் பாக்கெட். விடியற்காலையில் கிளம்பிப் பத்து மணிக்கு முடித்துவிடுவது எல்லாவற்றையும்விட மலிவான வழி.

## பயிற்சி

மூன்றாவது கேள்விக்கு இதற்கு நிகர் இல்லை. கோலார் பக்கம் டக்கார் ராலி பந்தய வீரர் சி.எஸ். சந்தோஷ் நடத்தும் பிக் ராக் டர்ட்பார்க் என்ற மண்ணோட்டப் பள்ளி தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து ஒரே காலைப் பயண தூரம். இது போன்ற இடங்களில் பள்ளி வண்டியை வாடகைக்கு எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். எடை குறைந்த வண்டியில் பத்து முறை விழுந்து எழுவதும், சொந்த ஹிமாலயனை இரண்டு முறை தூக்குவதும் ஒரே களைப்பு. பத்து முறை விழுந்தவர் கற்றதோ ஐந்து மடங்கு.

மறைந்த செலவு: பெட்ரோல், தங்கல், திங்கள்கிழமை விடுப்பு, வாடகை வண்டிக்கு உடைசல் பணம். சொந்த வண்டியில் போனால் கிளட்ச் தட்டும் தேயும், மெதுவோட்டம் முழுக்கப் பாதிக் கிளட்ச்தான்.

பள்ளி எட்டாத தூரம் என்றால் ஒரு காலி மைதானமும் நான்கு தண்ணீர் பாட்டிலும் போதும். முதல் கியரில், நின்றபடி, நடக்கும் வேகத்தில், பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஓட்டுங்கள். இரண்டு பாட்டிலை 8 மீட்டர் இடைவெளியில் வைத்து எட்டுப் போடுங்கள், சரளமானதும் 6 மீட்டர். பிறகு பின் ஏபிஎஸ்ஸை அணைத்து 30 கிலோமீட்டர் வேகத்தில் பின் சக்கரத்தைப் பூட்டி நேர்கோட்டில் நிறுத்துங்கள். வண்டி வால் ஆட்டும், பார்வை தூரத்தில் இருந்தால் தானாக நேராகும்.

தனியே கற்க முடியாத பாடம் ஒன்று உண்டு: மேட்டில் நடுவழியில் எஞ்சின் நின்றுபோவது. பயத்தில் கை கிளட்ச்சைப் பிடித்து முன் பிரேக்கை அழுத்தும். ஏற்றத்தில் எடை முழுக்கப் பின் சக்கரத்தில் இருப்பதால் முன் சக்கரம் பிடிமானமின்றிப் பின்னோக்கிச் சறுக்கும், வண்டி பக்கவாட்டில் சாயும். செய்ய வேண்டியது நேர்மாறு. கிளட்ச்சை விட்டுவிட வேண்டும். கியரில் நிற்கும் எஞ்சினே பின் சக்கரத்தைப் பூட்டிவைக்கும். மேடான பக்கத்தில் காலை ஊன்றி, அந்தப் பக்கமாகவே இறங்கி, கிளட்ச்சை நூலளவு பிடித்துச் சாண் சாணாகப் பின்னால் விடவும். கிளட்ச்சே அப்போது பின் பிரேக். வண்டி சரிவுக்குக் குறுக்கே வந்ததும் முன் சக்கரத்தை இறக்கப் பக்கம் திருப்பலாம். உடம்பு எப்போதும் மேட்டுப் பக்கம். வண்டிக்குக் கீழ்ப்பக்கம் ஒருநாளும் நிற்கக் கூடாது. இதை முதல் நான்கைந்து தடவை யாராவது அருகில் நின்று பிடிக்க ஆள் இருக்கும்போதுதான் பழக வேண்டும்.

## டயர்

வண்டியோடு வரும் டயர் தாரும் மண்ணும் பாதிப் பாதி. முதல் சில மாதங்களுக்கு அதுவே போதும் என்பதுதான் எங்கள் கருத்து, எதிர்ப்பவர்கள் இருப்பார்கள். கட்டை கட்டையாகப் பல் வைத்த பட்டன் டயர் தளர்ந்த மண்ணிலும் ஈரச் செம்மண்ணிலும் முன் சக்கரத்துக்குத் தரும் பிடி உண்மையிலேயே வேறு ரகம். அதற்கு விலை தார் ரோட்டில். ஈரத் தாரில் பிரேக் தூரம் கூடும், வளைவில் பட்டன் நெளியும், இரைச்சல் வரும், கோடைத் தாரில் பின் டயர் சீக்கிரம் மொட்டையாகும். நடுவழியாக, தேய்ந்ததும் முன்னால் மட்டும் பட்டன் ரகம் போட்டுப் பின்னால் பாதிப் பாதியை வைத்துக்கொள்ளலாம். மண்ணில் ஆளைத் தள்ளுவது முன் சக்கர வழுக்கல்தான், பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

எந்த டயருக்கும் அடங்காதது மழையில் நனைந்த கரிசல். கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கக் கறுப்பு மண் டயரில் அப்பி, முன் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, கடைசியில் சக்கரத்தையே சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். குச்சியால் நோண்டி எடுத்துப் பத்தடி போனால் மறுபடி அதே கதை. அங்கே டயருக்குச் செலவழிக்க வேண்டாம், இரண்டு நாள் வெயிலுக்குக் காத்திருங்கள்.

ட்யூப்பா ட்யூப்லெஸ்ஸா என்ற கேள்விக்குத் தெற்கத்தி மாவட்டங்களில் சீமைக்கருவேல முள்தான் விடை சொல்கிறது. ட்யூப்பில் முள் ஏறினால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ட்யூப்லெஸ்ஸில் முள்ளைப் பிடுங்கிப் ப்ளக் செருகி ஐந்து நிமிடத்தில் கிளம்பலாம். ஹிமாலயன் 450-க்கு ஸ்போக்கோடு கூடிய ட்யூப்லெஸ் சக்கரமும் வருகிறது. ஆனால் கல்லில் இடித்து ரிம் விளிம்பு நெளிந்தால் ட்யூப்லெஸ்ஸில் காற்று நிற்காது. ட்யூப் அதையும் பொறுத்துக்கொள்ளும். முள் நாட்டுக்கு ட்யூப்லெஸ், கல் நாட்டுக்கு ட்யூப். ட்யூப்லெஸ் போட்டாலும் பையில் ஒரு 21 அங்குல ட்யூப் இருக்கட்டும். அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் அதைத் திணித்து ஊர் வந்து சேரலாம், பின் சக்கர ட்யூப் முன்னால் சேராது.

## வண்டிக்கான காப்பு

இங்கேதான் காசு அதிகம் வீணாகிறது. விழுந்தால் உடைவது எது என்று வரிசையாகப் பாருங்கள்: கிளட்ச் லீவர், கண்ணாடி, இண்டிகேட்டர், கியர் லீவர். கியர் லீவர் வளைந்தால் ஸ்பானரால் நிமிர்த்தலாம். கண்ணாடியைக் காட்டுக்குள் கழற்றிப் பையில் போடலாம். லீவர் ஒடிந்தால் மட்டும்தான் தவிப்பு.

ஆகவே முதலில் உள்ளே அலுமினியத் தண்டு வைத்து, இரு முனையிலும் போல்ட் பூட்டும் ஹேண்ட்கார்டு. வெறும் பிளாஸ்டிக் தகடு காற்றுக்கும் குளிருக்கும் மட்டும். மாட்டியதும் ஹேண்டிலை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் திருப்பி, ஆக்ஸிலரேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். தானாகப் பட்டென்று மூட வேண்டும். ஹேண்ட்கார்டு முனை கிரிப்பில் உரசினால் ஆக்ஸிலரேட்டர் திறந்தபடியே நின்றுவிடும். அது விழுவதைவிடக் கொடுமை.

ஹிமாலயன் 450 தண்ணீரால் குளிரும் எஞ்சின். முன் சக்கரம் எறியும் கல் ரேடியேட்டரைத் துளைத்தால் பயணம் அங்கேயே முடிந்தது, எனவே அதற்கு ஒரு வலை நியாயமான செலவு. எஞ்சினுக்கு அடியில் மாட்டும் காப்புத் தகடான பெரிய பேஷ் பிளேட் கல் படிகளில் ஏறி இறங்குபவருக்கு மட்டும். போட்டால் ஒவ்வொரு முறையும் உள்ளே தேங்கும் சேற்றையும், முக்கியமாகக் காய்ந்த புல்லையும் எடுத்துவிட வேண்டும், புல் சைலன்சர் குழாயைத் தொட்டால் புகையும். பெரிய கிராஷ் கார்டோ எடையைக் கூட்டும், கடும் அடியில் தன் மவுண்ட் போல்ட் வழியே விசையை ஃபிரேமுக்கே அனுப்பும்.

## சஸ்பென்ஷன் மாற்றம்

சேக் அளந்தபோது ஸ்பிரிங் மென்மை என்று தெரிந்தவர்கள், அதாவது பெரும்பாலும் நல்ல கனமான ஆட்கள், பின் ஸ்பிரிங்கை மாற்றலாம். மற்றவர்கள் இப்போதைக்கு இந்தப் பக்கமே வர வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | காயம் குறையுமா | வீடு திரும்புமா | ஓட்டம் திருந்துமா | தாரில் விலை |
|---|---|---|---|---|
| பூட்ஸ், முழங்கால் கார்டு | மிகவும் | நடக்கும் கால் மிச்சம் | கொஞ்சம், பயம் குறையும் | வெக்கை |
| பயிற்சி | ஓரளவு | ஓரளவு | மிகவும் | இல்லை, பலன்தான் |
| பட்டன் டயர் | கொஞ்சம் | ஓரளவு | இல்லை | ஈரத்தில் ஆபத்து, தேய்மானம் |
| பஞ்சர் சாமான் | இல்லை | மிகவும் | இல்லை | இல்லை |
| ஹேண்ட்கார்டு, ரேடியேட்டர் வலை | விரலுக்கு மட்டும் | நன்றாக | இல்லை | இல்லை |
| பெரிய கிராஷ் கார்டு, பேஷ் பிளேட் | இல்லை | கல் பாதையில் மட்டும் | இல்லை | எடை |
| ஸ்பிரிங் | இல்லை | இல்லை | கனமானவருக்கு மட்டும் | இல்லை |

## அறுபதாயிரத்தைப் பிரித்தால்

பொதுவான ஆளுக்கு: பூட்ஸுக்கு 22,000, முழங்கால் கார்டுக்கு 6,000, இரண்டு நாள் பயிற்சிக்கு 18,000, ஹேண்ட்கார்டுக்கு 6,000, பஞ்சர் சாமானுக்கு 5,000, உதிரி கிளட்ச் லீவருக்கும் ரேடியேட்டர் வலைக்கும் 3,000. இவை உச்சவரம்பு. எதிலாவது மிஞ்சினால் பயிற்சிக்குப் போகட்டும். பஞ்சர் சாமான் என்பது டயர் லீவர் மூன்று, 21 அங்குல ட்யூப், பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், கைப் பம்ப், காற்று அளவி, இரு ஆக்ஸிலுக்கும் சரியான ஸ்பானர். வீட்டு வாசலில் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டாமல் அவற்றைப் பையில் வைத்துப் பயனில்லை. பேட்ச் பிடிக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் அவசரம். ட்யூப்பை உப்புத்தாளால் மங்கலாகும்வரை தேய்த்து, சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்ட பிறகே ஒட்ட வேண்டும்.

லடாக், ஸ்பிட்டி என்று நீண்ட பயணத்துக்குத் தயாராகிறவருக்குக் கணக்கு வேறு. அட்வென்ச்சர் பூட்ஸ், வண்டியோடு வந்த டயர், பெட்டிக்குப் பதில் மென்பை, பஞ்சர் சாமான். பட்டன் டயர் அங்கே போய்ச் சேர்வதற்குள்ளேயே பாதி தீர்ந்துவிடும். வீட்டிலிருந்து தோட்டத்துக்குச் சரளையில் மட்டும் போகிறவர் பூட்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் பொதுவாக இரண்டு செய்தி. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டி ஓட்டுவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன்படி குற்றம். மேப்பில் பாதை தெரிகிறது என்பது அனுமதியாகாது. பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றில் வண்டிக்கு ஏற்படும் சேதத்தை வாகன இன்சூரன்ஸ் ஏற்காது. பாலிசியின் விலக்குகள் பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

## ஆறாவது வழி

பட்டியலில் இல்லாத ஒன்றும் உண்டு. மண்தான் உங்கள் ஆசை, நெடும்பயணம் இரண்டாம்பட்சம் என்றால் அறுபதாயிரத்தை ஹிமாலயனில் போடாமல், மேலே கொஞ்சம் சேர்த்துப் பழைய ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் ஒன்றை வாங்கலாம். கிட்டத்தட்ட 158 கிலோ, ஹிமாலயனைவிட 38 கிலோ குறைவு. முன்னால் 190, பின்னால் 170 மி.மீ. சஸ்பென்ஷன், 21, 18 அங்குலச் சக்கரங்கள். உதிரிபாகம் சின்ன ஊரிலும் கிடைக்கும். விழுந்தால் மனசு வலிக்காது, அதனால் அதிகம் முயல்வீர்கள், அதிகம் கற்பீர்கள். எதிர்ப்பக்கம்: இரண்டாவது இன்சூரன்ஸ், இரண்டாவது சர்வீஸ், நெடுஞ்சாலையில் பலம் போதாமை. பூட்ஸும் முழங்கால் கார்டும் எப்படியும் வாங்கியாக வேண்டும், அந்தச் செலவு இதிலும் குறையாது.

வாங்கப் போகும்போது முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் துடைத்துப் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் தட்டி நின்றால் ஸ்டியரிங் பேரிங் போயிருக்கிறது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் சத்தம் வரக் கூடாது. ஸ்போக்குகளை ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள், மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. ரிம் விளிம்பில் நெளிவும் பேஷ் பிளேட்டில் ஆழமான கீறலும் இருந்தால், விற்பவர் "ஆபீஸ் போக மட்டும்தான் ஓட்டினேன்" என்று சொல்வதை அங்கேயே நிறுத்திவிட்டு விலையைப் பேச ஆரம்பிக்கலாம்.